காத்திருக்கும் கண்

நுழையும்முன்

படமெடுக்கும் கருவி இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் இருக்கிறது. கண்முன் இருப்பதைப் பதிவுசெய்வது நொடிப்பொழுதில் முடியும் செயலாகிவிட்டது. எனினும், பதிவுசெய்வதும் பார்ப்பதும் ஒன்றல்ல. இயற்கையைத் தேடிச் சென்று, பொறுமையுடன் காத்திருந்து படமெடுத்த ஆர்வலர்கள் நம் நாட்டின் கானுயிர் வரலாற்றுக்கு அரிய ஆவணங்களைத் தந்துள்ளனர். பொழுதுபோக்காகத் தொடங்கும் ஒரு கலை, கூர்ந்து நோக்கும் பழக்கமாகவும் நிலத்தின்மீது கொள்ளும் பொறுப்பாகவும் வளர்வதை இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரத்தில் ஒரு விடியல்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் ஒடுகத்தூர். மலையில் தோன்றும் உத்திரகாவேரி ஆறு இவ்வூர்ப் பகுதியைக் கடந்து பாலாற்றை நோக்கிச் செல்கிறது. கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலையில் இலையுதிர் காடுகள் மிகுதி. சந்தன மரங்களுக்கும் இம்மலை பெயர்பெற்றது. மலையைவிட்டு இறங்கினால் நெல்வயலும் தென்னந்தோப்பும் புளியமரச் சாலையும் வருகின்றன. சற்றுத் தொலைவில் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. காடும் கழனியும் தொழிற்சாலையும் ஒன்றையொன்று அடுத்திருக்கும் நிலம் இது.

இத்தகைய ஊர்களில் நாள்தோறும் பள்ளிக்கும் வேலைக்கும் செல்பவர்கள் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானைக் கடந்தே செல்கின்றனர். வரப்போரத்து எருக்கஞ்செடியில் இலையைத் தின்றுகொண்டிருக்கும் புழுவும், கிணற்றோரப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடும் அவர்கள் வழியிலேயே இருக்கின்றன. பழகிய இடம் என்பதாலேயே இவை கண்ணில் படுவதில்லை. விடுமுறை நாளொன்றில் விடியற்காலையில் கையில் ஒரு கேமராவுடன் அதே வழியில் தனியே நடக்கும் ஒருவருக்கு அந்த வழி வேறாகத் தெரியத் தொடங்குகிறது. எதைப் படமெடுப்பது என்று தேடும்போது கண் ஒவ்வொன்றின்மீதும் நின்று நகர்கிறது. இயற்கை ஒளிப்படக்கலை இந்த நிற்றலில்தான் தொடங்குகிறது.

அரிய கருவி எளிய கருவியான வரலாறு

ஒளிப்படக்கலை உலகுக்கு முறையாக அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். பிரான்சு நாட்டின் தாகேர் கண்டறிந்த முறையை அந்நாட்டு அறிவியல் கழகம் அவ்வாண்டில் வெளியிட்டது. அடுத்த சில பத்தாண்டுகள்வரை படமெடுப்பது கடினமான பணியாகவே இருந்தது. 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பொறுப்பேற்ற லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். பெரிய கேமராக்களையும் வேதிப்பொருள்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர் பயணம் செய்யவேண்டியிருந்தது. வெளிச்சமும் வெப்பமும் ஒத்துழைத்தால்தான் ஒரு படம் கிடைக்கும்.

1888ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் அறிமுகப்படுத்திய கோடக் கேமரா இந்நிலையை மாற்றியது. நூறு படங்கள் எடுக்கும் அளவுக்குப் படச்சுருள் இடப்பட்டே அது விற்கப்பட்டது. எடுத்து முடித்ததும் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டு, புதிய சுருளை இட்டுத் திருப்பித் தருவார்கள். 1900இல் ஒரு டாலர் விலையில் வந்த பிரௌனி என்னும் பெட்டிக் கேமரா சிறுவர்களின் கைக்கும் எட்டியது. ஊதியத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காகப் படமெடுக்கும் 'ஆர்வலர்' என்னும் பெருங்கூட்டம் இவ்வாறு உருவாயிற்று. 

அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அக்கூட்டத்திலிருந்து வந்தவரே. 1916இல், தம் 14ஆம் வயதில், யோசமிட்டி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்துடன் சென்றபோது பெற்றோர் அவருக்கு ஒரு பிரௌனி கேமராவை அளித்தனர். சியரா நெவாடா மலைத்தொடரைப் பற்றி அவர் 1938இல் வெளியிட்ட படநூல், 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணைசெய்தது. சிறுவனின் விடுமுறைப் பொழுதுபோக்கு ஒரு மலைத்தொடரின் பாதுகாப்புவரை சென்றது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டுக்குள் சென்றவர்களில் பலர் துப்பாக்கியுடன் சென்றனர். ஒரு விலங்கைக் கண்டதற்குச் சான்று அதன் தோலும் கொம்புமே எனக் கருதப்பட்ட காலம் அது. இவ்வழக்கத்துக்கு மாற்றாகக் கேமரா எழுந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர், 1895இல் பறவைக்கூடுகளைப் பற்றிய நூலொன்றை முழுவதும் ஒளிப்படங்களுடன் வெளியிட்டனர். பறவைகள் அஞ்சாமல் இருக்க, உள்ளீடற்ற மாட்டு உருவம் ஒன்றைச் செய்து, அதனுள் ஒளிந்திருந்து அவர்கள் படமெடுத்ததுண்டு.

இந்தியாவில் இம்மாற்றத்தை முன்னெடுத்தவர்களுள் ஒருவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன். அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாகப் பணியாற்றிய அவர், புலி நடமாடும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதனைக் கேமராவுடன் இணைத்தார். இரவில் அவ்வழியே வரும் புலியின் கால் கம்பியில் பட்டதும் ஒளி மின்னிப் படம் பதிவாகும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் இம்முறையில் அவர் எடுத்த படங்கள் 1927இல் நூலாக வெளிவந்தன. இன்று வனத்துறையினர் புலிகளைக் கணக்கெடுக்கப் பயன்படுத்தும் தானியங்கிக் கேமராக்களுக்கு அவருடைய முயற்சி முன்னோடி.

தமிழகத்தின் முன்னோடி: மா. கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் இயற்கை ஒளிப்படக்கலையைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' என்னும் புதினத்தை எழுதிய அ. மாதவையாவின் இளைய மகனாக 1912ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றவர். பின்னர்ச் சட்டமும் படித்தார். ஆனால், அவரை ஈர்த்தது வழக்குமன்றம் அன்று. சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பல பொறுப்புகளில் இருந்தபின், எழுத்தையும் ஒளிப்படத்தையுமே வாழ்வாகக் கொண்டார்.

'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் எழுதிய இயற்கை பற்றிய பத்தி 1950இல் தொடங்கி, 1996இல் அவர் மறையும்வரை 46 ஆண்டுகள் வெளிவந்தது. யானை, காட்டெருமை, செந்நாய் ஆகியவற்றைப் பற்றி எழுதிய அதே ஈடுபாட்டுடன் அணிலையும் காக்கையையும் வீட்டுத் தோட்டத்து ஓணானையும் பற்றி அவர் எழுதினார். 1961இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பே காட்டையும் வீட்டுக் கொல்லையையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது. கொல்லைப்புறத்தில் பார்க்கக் கற்றவரே காட்டிலும் பார்க்க இயலும் என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டு.

கிருஷ்ணனின் கருவி விலை உயர்ந்த புதுக்கருவி அன்று. ஒரு நிறுவனத்தின் கேமரா உடலில் வேறொரு நிறுவனத்தின் தொலைவு வில்லையைப் பொருத்தி, பிற உறுப்புகளையும் தாமே சேர்த்து அமைத்துக்கொண்ட கனமான கருவி அது. அதற்கு வேடிக்கையாகச் 'சூப்பர் பாண்டரோசா' எனப் பெயரும் சூட்டியிருந்தார். வண்ணப்படச் சுருள்கள் பரவலாகக் கிடைத்த காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். யானையின் தோல் மடிப்பும், புல்லின் நிழலும், விலங்கு நிற்கும் நிலத்தின் தன்மையும் அப்படங்களில் தெளிவாகத் தெரியும். விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதைவிட, அது வாழும் சூழலோடு சேர்த்துக் காட்டும் படங்கள் அவை.

1968ஆம் ஆண்டு அவருக்கு ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய கள ஆய்வை அதன் துணையோடு மேற்கொண்டார். அது 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் நூலாக வெளியிடப்பட்டது. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 1995இல் 'குளோபல் 500' பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துச் சிறப்பித்தது. விலங்கியலில் பட்டம் பெறாத ஒருவர், பார்த்தும் குறித்தும் படமெடுத்துமே இந்த அறிவை ஈட்டினார் என்பது கருதத்தக்கது.

தெரியுமா?
மா. கிருஷ்ணன் தமிழிலும் இயற்கை குறித்து எழுதியுள்ளார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்துள்ளார். அத்தொகுப்பு 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் வெளிவந்துள்ளது.

ஒரு பயணம் திறந்த வழி

நம் காலத்தில் இக்கலையில் புகழ்பெற்றவர் தேனிக்கு அருகிலுள்ள வெங்கடாசலபுரத்தைச் சேர்ந்த ரதிகா ராமசாமி. கணினிப் பொறியியலும் மேலாண்மையும் பயின்ற அவர், திருமணத்திற்குப்பின் தில்லியில் வாழ்ந்தார். ராஜஸ்தானில் உள்ள பரத்பூர்ப் பறவைகள் புகலிடத்துக்கு மேற்கொண்ட பயணம் அவர் கவனத்தைப் பறவைகளின் பக்கம் திருப்பியது. பின்னர் யமுனைக் கரையிலுள்ள ஓக்லா பறவைகள் புகலிடத்துக்குத் தொடர்ந்து சென்று பறவைகளைக் கவனித்துப் படமெடுத்தார். 2010இல் பறவை ஒளிப்படக்கலை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. காட்டில் கேமராவுடன் பணியாற்றும் பெண்கள் மிகச் சிலரே இருந்த காலத்தில், இந்தியாவின் முன்னணிக் கானுயிர் ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தார்.

கிருஷ்ணன், ரதிகா ராமசாமி ஆகிய இருவரும் வெவ்வேறு தலைமுறையினர். ஒருவர் படச்சுருளிலும் மற்றவர் எண்மக் கேமராவிலும் பணியாற்றியவர். எனினும், இருவரும் கற்ற முறை ஒன்றே. ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். ஒரே உயிரினத்தை நெடுநேரம் கவனித்தனர்.

ஒளியின் இலக்கணம்

ஒளிப்படம் என்பது ஒளியால் அமையும் படம். ஆகவே, ஒளியைப் புரிந்துகொள்வதே முதற்பாடம். காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகிறது. அவ்வழியில் நீலநிற ஒளி பெரிதும் சிதறிவிடுவதால், செம்மையும் பொன்மையும் கலந்த ஒளியே நம்மை அடைகிறது. அது பக்கவாட்டில் விழுவதால் இலையின் நரம்பும் இறகின் அடுக்கும் பாறையின் மேடுபள்ளமும் புலப்படுகின்றன. உச்சி வெயிலிலோ நிழல்கள் கருத்து, வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப்போகின்றன. பறவைகளும் விலங்குகளும் காலையிலும் மாலையிலுமே சுறுசுறுப்பாக இருப்பதால், நல்ல ஒளியும் நல்ல காட்சியும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் அமைகின்றன.

படத்தின் வெளிச்சத்தை மூன்று அமைப்புகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, ஒளித்துளையின் அளவு. துளை பெரிதானால் ஒளி மிகுதியாகச் செல்லும். பின்னணி மங்கலாகி, படமெடுக்கும் பொருள் மட்டும் தனித்துத் தெரியும். துளை சிறிதானால் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாகும். துளையைக் குறிக்கும் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இரண்டாவது, ஒளி புகும் நேரம். பறக்கும் பறவையை உறைந்ததுபோல் காட்ட ஆயிரத்தில் ஒரு நொடி போன்ற குறுகிய நேரம் வேண்டும். ஓடைநீரின் ஓட்டத்தை மெல்லிய திரைபோல் காட்ட அரை நொடியோ அதற்கு மேலோ வேண்டும். அப்போது கேமரா அசையாமல் முக்காலியில் நிற்கவேண்டும். மூன்றாவது, ஒளியுணர்திறன். இதனைக் கூட்டினால் மங்கிய ஒளியிலும் படம் கிடைக்கும். ஆனால், படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும்.

இம்மூன்றையும் இணைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. மேகமற்ற வெயிலில் துளையின் எண் 16 எனில், ஒளியுணர்திறன் எண் எவ்வளவோ, அத்தனையில் ஒரு பங்கு நொடி ஒளியை விடவேண்டும். ஒளியுணர்திறன் 100 என்றால் நூறில் ஒரு நொடி. ஒளியை அளக்கும் கருவி இல்லாத காலத்தில் ஆர்வலர்கள் இக்கணக்கைக்கொண்டே படமெடுத்தனர்.

செல்பேசிக் கேமரா மட்டுமே உள்ளவர் வருந்தவேண்டியதில்லை. தொலைவிலுள்ள பறவைக்கு அது பொருந்தாது. பல செல்பேசிகளில் ஓர் எல்லைக்குமேல் பெரிதாக்கும்போது படத்தின் ஒரு பகுதி வெட்டி விரிக்கப்படுகிறதேயன்றிப் புதிய நுட்பம் எதுவும் சேர்வதில்லை. ஆனால், அருகிலுள்ள சிலந்தி வலை, எறும்புச் சாரை, மரப்பட்டை, பூ, வண்ணத்துப்பூச்சி, விரிந்த நிலக்காட்சி ஆகியவற்றுக்கு அது போதுமானது. நின்ற நிலையில் கீழ்நோக்கி எடுப்பதைவிட, அமர்ந்தோ குனிந்தோ அவ்வுயிரின் கண்மட்டத்தில் எடுத்தால் படம் உயிர்பெறும்.

தனியே செலவிடும் ஒரு நாள்

நண்பர்களோடு செல்லும் உலாவில் மகிழ்ச்சி உண்டு. ஆனால், அங்குப் பேச்சுக்கும் விரைவுக்கும் இடம் மிகுதி. தனியே செல்பவர் தம் விருப்பப்படி ஓரிடத்தில் ஒரு மணிநேரம் அமர்ந்திருக்கலாம். காலடியோசையும் பேச்சும் அடங்கியபின் சிறிது நேரத்தில் விலகிச் சென்ற பறவைகள் திரும்பி வருகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டத் தொடங்குகிறது. கரிச்சான் தான் விட்டுச்சென்ற கிளைக்கே மீண்டும் வந்து அமர்கிறது. இரண்டு முறை அவ்வாறு வந்ததைக் கண்டவர், மூன்றாம் முறை வருமுன்பே கேமராவை அக்கிளையை நோக்கி வைத்துக் காத்திருப்பார். உயிரினத்தின் பழக்கத்தை அறிந்தவருக்கே நல்ல படம் கிடைக்கும் என்பதன் பொருள் இதுதான்.

தூக்கணாங்குருவியின் கூடு இதற்கு நல்ல பயிற்சிக்களம். ஆண் குருவி புல்லையும் ஓலை நாரையும் கிழித்து வந்து கூட்டைப் பின்னுகிறது. தலைக்கவசம் போன்ற பாதிக்கூடு ஆனதும் வேலையை நிறுத்திச் சிறகடித்துப் பெண் குருவியை அழைக்கிறது. பெண் குருவி வந்து கூட்டைச் சோதித்து ஏற்றுக்கொண்டால்தான், ஆண் குருவி நுழைவுக்குழாயைப் பின்னி முழுமையாக்கும்; ஏற்கப்படாத கூடுகள் அரைகுறையாகவே தொங்கும். பனைமரத்தில் ஏன் இத்தனை அரைக்கூடுகள் என்னும் வினாவுக்கு, தொலைவில் நின்று சில வாரங்கள் தொடர்ந்து எடுத்த படங்களே விடை சொல்லிவிடும். அவ்வாறே எருக்கஞ்செடியில் காணும் வரிகளுள்ள புழு, கூட்டுப்புழுவாகி, வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாக வெளிவருவதையும் சில நாள் இடைவெளியில் பதிவுசெய்யலாம். படத்துடன் நாள், நேரம், இடம், கண்ட செயல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அது அழகுப்படம் என்னும் நிலையிலிருந்து ஆவணம் என்னும் நிலைக்கு உயர்கிறது.

தனியே செல்வதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லவேண்டும். குடிநீரும் தொப்பியும் காலணியும் தேவை. மலையில் பெய்யும் மழை ஆற்றில் திடீரென வெள்ளமாக இறங்கும் என்பதால், மழைக்காலத்தில் ஆற்றுப்படுகையில் இறங்கக்கூடாது. இருட்டுமுன் திரும்பிவிடவேண்டும். காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் ஒப்புதலின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயங்களில் படமெடுக்கச் செல்வதற்கும் அனுமதி பெறவேண்டும். தொடக்க நிலையில் உள்ளவருக்கு ஏரிக்கரையும் வயல்வரப்பும் பள்ளி வளாகமுமே போதிய களங்கள்.

படத்தைவிட உயிர் பெரிது

நல்ல படம் வேண்டும் என்னும் ஆவல் எல்லை மீறும்போது தீங்காகிறது. கூட்டிலிருக்கும் குஞ்சுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுற்றியுள்ள இலைகளை ஒதுக்கினால், அக்கூடு வெயிலுக்கும் காக்கையின் கண்ணுக்கும் திறந்துவிடுகிறது. ஆள் அருகே நிற்பதால் தாய்ப்பறவை கூட்டுக்கு வர அஞ்சி விலகியிருக்கும் நேரத்தில், முட்டைகள் சூட்டாலோ குளிராலோ கெடக்கூடும். படமெடுப்பவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். இழப்பு அப்பறவைக்கு அந்த ஆண்டின் இனப்பெருக்கமே ஆகலாம். இதனால்தான் இந்தியாவில் இயற்கை ஒளிப்படப் போட்டிகள் பலவற்றில் கூட்டிலுள்ள பறவைகளின் படங்கள் ஏற்கப்படுவதில்லை. தூக்கணாங்குருவிக் கூட்டைக்கூடத் தொலைவிலிருந்தே நோக்கவேண்டும்.

பறவையை வரவழைக்க அதன் குரலைப் பதிவுக்கருவியில் ஒலிக்கச்செய்வது, பறக்கும் படம் வேண்டிக் கல்லெறிவது, பாம்பையோ பூச்சியையோ பிடித்து வேண்டிய இடத்தில் வைப்பது ஆகியவையும் தவிர்க்கத்தக்கன. செல்பேசியில் எடுக்கும் படத்தில் இடக்குறிப்பும் பதிவாகக்கூடும். அரிய உயிரினத்தின் படத்தை இடக்குறிப்புடன் பகிர்ந்தால், அது அவ்வுயிரைப் பிடித்து விற்போருக்கு வழிகாட்டிவிடும். உயிரினம் தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நம்மையே நோக்கத் தொடங்கினால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பதே பொருள். அப்போது ஓரடி பின்வாங்குவதே முறை. படம் கிடைக்காமற்போனாலும் பார்த்தது பார்த்தவரிடம் இருக்கும்.

நிலத்துக்குச் சாட்சி

ஒரே இடத்தை மாதந்தோறும், ஆண்டுதோறும் படமெடுப்பதன் பயனைப் பாலாற்றுப் பகுதியின் வரலாறு உணர்த்துகிறது. தோல் பதனிடும் தொழில் இப்பகுதியில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை தந்தது. அதே நேரத்தில், தூய்மைப்படுத்தப்படாத கழிவுநீர் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுச்செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்பதும், தீங்கு நேருமுன் தடுக்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

ஒரு விளைநிலம் ஒரே நாளில் கெடுவதில்லை. ஓர் ஆண்டு வரப்போரம் வெண்ணிறமாக உப்புப் பூக்கும். மறு ஆண்டு தென்னையின் குருத்து சிறுக்கும். அதற்கடுத்து அங்கு வந்த பறவை வாராதொழியும். மெல்ல நிகழும் மாற்றத்தை நினைவு ஏற்றுக்கொண்டு பழகிவிடுகிறது. படம் அவ்வாறு பழகுவதில்லை. ஒளிப்படம் நீரின் உப்பளவைக் கூறாது. அதற்குச் சோதனைச்சாலை வேண்டும். ஆனால், எந்த இடத்து நீரைச் சோதிக்கவேண்டும் என்பதை நாளும் இடமும் குறித்த ஒரு படவரிசை சுட்டிக்காட்ட இயலும். ஆறு மீளும்போது அம்மீட்சிக்கும் அதுவே சான்றாகும்.

தெரியுமா?
ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1988ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். அதற்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது. ஒரே வானப்பகுதியை இடைவெளிவிட்டுப் படமெடுத்து ஒப்பிட்டால், விண்மீன்கள் தத்தம் இடத்திலேயே இருக்க, சிறுகோள் மட்டும் இடம்பெயர்ந்திருக்கும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்வதால் புதியது புலப்படும் என்பதற்கு இதுவும் சான்று.

ஆர்வலர்களின் பதிவுகளை அறிவியலாளர்களும் இன்று பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் பங்கேற்கின்றனர். பெயர் தெரியாத செடியையோ பூச்சியையோ படமெடுத்து இணையத்தில் பதிந்தால், துறையறிஞர்கள் பெயர் கண்டு சொல்லும் ஏற்பாடுகளும் உள்ளன. ஓர் ஊரின் உயிரினப் பட்டியலை அவ்வூர் மாணவர்களே உருவாக்குவது இவ்வாறு இயலக்கூடியதாகிவிட்டது.

விலையுயர்ந்த கருவியும் தொலைதூரப் பயணமும் இக்கலைக்கு இன்றியமையாதன அல்ல. மா. கிருஷ்ணன் காட்டுக்குக் காட்டிய கவனத்தைத் தம் வீட்டுத் தோட்டத்துக்கும் காட்டினார். ஊர்ப்புறத்து ஏரி, கிணற்றோரப் பனை, மணற்பாங்கான ஆற்றுப்படுகை என ஒவ்வோர் ஊரிலும் பதிவுசெய்யப்படாத இடங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஓர் ஆண்டு முழுவதும் தொடர்ந்து சென்று பார்த்துப் பதிவுசெய்பவர் அவ்விடத்தைப் பற்றிப் பிறர் அறியாத பலவற்றை அறிந்தவராவார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள ஒரு மரத்தையோ நீர்நிலையையோ தெரிந்தெடுத்து, ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு முறை படமெடுங்கள். நாள், நேரம், கண்ட மாற்றம் ஆகியவற்றைக் குறித்து, ஆண்டிறுதியில் வகுப்பில் காட்சிப்படுத்துங்கள்.

2. உங்கள் பகுதிப் பறவைகளுக்கு வழங்கும் ஊர்ப்பெயர்களைப் பெரியோர்களிடம் கேட்டறிந்து, படங்களுடன் ஒரு கையேடு உருவாக்குங்கள்.

3. 'கூட்டிலுள்ள பறவையைப் படமெடுக்கலாமா?' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுங்கள்.